ஓரத்தில் ஒரு பென்சில் கோடு

சொர்ணத்தின் கைப்பையில் குடை இருக்கிறதோ இல்லையோ, கூர் சீவிய ஒரு பென்சில் இருக்கும். பெங்களூர் மழை சொல்லிக்கொண்டு வராது என்று அவளுக்குத் தெரியும். நனைந்துகொண்டு வீடு திரும்பிய நாட்கள் எத்தனையோ உண்டு. ஆனால் பென்சில் இல்லாமல் ஆபீசுக்குப் போன நாள் கிடையாது. அந்தப் பென்சிலுக்கு ஓர் அதிகாரம் இருந்தது. அவள் பிறந்து வளர்ந்த மர்பி டவுன் சந்தில் எவருக்கும் அப்படி ஓர் அதிகாரம் வாய்த்ததில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதிய வாக்கியத்தை, பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அது நிறுத்தி வைத்துவிடும்.

அவள் வேலை பார்த்த ஆய்வுக் குழு மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஓர் எந்திரமோ செய்முறையோ இங்கே வருகிறது என்றால், அதோடு என்னென்ன சேர்ந்து வருகிறது, எது வராமல் அங்கேயே நின்றுவிடுகிறது, வந்ததனால் யார் வீட்டில் விளக்கெரிகிறது, யார் வீட்டில் அணைகிறது என்பதெல்லாம்தான் அவர்களுடைய படிப்பு. குழு என்றால் பெரிய கூட்டமில்லை. தலைவர் கஸ்தூரிரங்கன் மெக்கானிக்கல் எஞ்சினியர்; அரசாங்க ஆலை ஒன்றில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவர். டோரீன் பொருளாதாரம், காக்ஸ் டவுன்காரி, மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே ஆபீஸ் முழுக்கத் தேடுகிறவள். சொர்ணம் சமூகவியல். தொண்ணூற்றொன்றில், எம்.ஏ. முடித்த கையோடு சேர்ந்தாள். 'நாடு கதவைத் திறக்கிறது' என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த வருஷம் அது. "திறக்கட்டும். உள்ளே யார் வர்றான்னு நாம வாசல்ல நின்னு பார்ப்போம்" என்று கஸ்தூரிரங்கன் சொன்னார்.

கோடு போடும் வழக்கம் ஓர் அவமானத்திலிருந்து பிறந்தது. குழுவின் முதல் அறிக்கை கிராமத்துக் கைப்பம்புகளைப் பற்றியது. எஞ்சினியர் எழுதிய அத்தியாயம் பம்பு பிரமாதமாக வேலை செய்கிறது என்றது. பொருளாதார அத்தியாயம் அது கட்டுப்படியாகாது என்றது. சமூகவியல் அத்தியாயம், ஊரில் பாதிப் பேர் அதைத் தொடவே முடியாது என்றது. மூன்றும் ஒரே அட்டைக்குள். டில்லியில் அதை வாசித்தபோது சபையிலிருந்து ஒருவர் எழுந்து, "இது ஒரே பம்பா, மூன்று பம்பா?" என்று கேட்க, கூடமே சிரித்துவிட்டது. திரும்பி வந்ததும் கஸ்தூரிரங்கன் சட்டம் போட்டார். இனி ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று பேரும் படிக்க வேண்டும். அவருக்குப் பச்சை மை, டோரீனுக்குச் சிவப்பு மை. ஒத்துக்கொள்ள முடியாத வாக்கியத்தின் ஓரத்தில் கோடு. ஒரு கோடு மிச்சம் இருந்தாலும் அந்த அத்தியாயம் வாசலைத் தாண்டாது.

சொர்ணம் பென்சிலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் பயம்தான். சேர்ந்த புதிதில், தப்பாகிவிட்டால் அழித்துக்கொள்ளலாமே என்று நினைத்தாள். அழிக்க வேண்டி வந்தது அபூர்வம். வியாழக்கிழமை தோறும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் பார்ப்பார்கள். அவள் போட்ட கோடுகள் பெரும்பாலும் நின்றன. கஸ்தூரிரங்கன் கண்ணை மூடி ஐந்து விநாடி யோசித்துவிட்டு, "சொர்ணம் சொல்றதுதான் சரி" என்பார். அந்த ஐந்து விநாடிக்காக அவள் ஒரு வாரம் உழைக்கத் தயாராக இருந்தாள்.

அவளைப் படிக்க வைத்தது அண்ணன் அர்ஜுனன். பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு ஐ.டி.ஐ. போய், பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். அங்கே ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் கம்ப்ரஸர் செய்தார்கள். முதல் மாதச் சம்பளத்தில் தங்கைக்குக் கைக்கடிகாரம் வாங்கினான்; கல்லூரிக்கு நேரத்துக்குப் போக வேண்டுமாம். தான் என்ன படிக்கிறேன் என்று அவள் ஒருநாள் விளக்கிச் சொன்னபோது கன்னத்தில் கை வைத்துக் கேட்டான்.

"அப்ப அடுத்தவங்க வூட்டு விஷயத்த கேட்டு கேட்டு எழுதறதுக்கு ஒரு டிகிரி?"

"அப்படி இல்லண்ணா..."

"நம்ம சந்துல அன்னம்மாள் இதையேதான் ஓசியில பண்ணிக்கினு இருக்குது. அதுக்கு ஒரு டாக்டர் பட்டம் வாங்கிக் குடு."

அன்றிலிருந்து அவன் அவளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிட்டான். அவள் டாக்டர் பட்டம் வாங்கவில்லை. சொன்னாலும் அவன் விடுவதாயில்லை. கல்யாணமாகி, மனைவி பாஞ்சாலியோடு தாசரஹள்ளிக்குக் குடி போன பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஈஜிபுராவில் அவள் தனியாக இருந்த மாடி அறைக்குக் கறிக்குழம்புத் தூக்கோடு வந்து நிற்பான். "டாக்டரம்மா, பேஷண்ட் வந்திருக்கேன், கதவத் தொற."

தொண்ணூற்றைந்தில் குழு ஒரு புதிய ஆய்வை எடுத்தது. கூட்டு ஒப்பந்தம் போட்டு வெளிநாட்டு எந்திரம் கொண்டுவந்த ஓர் ஆலையை எடுத்துக்கொண்டு, ஐந்தாறு வருஷம் கூடவே இருந்து பார்ப்பது. டோரீன் ஆலைகளின் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தாள். அர்ஜுனன் வேலை செய்த ஆலையின் பெயர் வந்ததும் சொர்ணம் கையை உயர்த்தினாள்.

"அங்கே என் அண்ணன் இருக்கார் சார். முன்னாலேயே சொல்லிடறேன்."

"நல்லதாப் போச்சு. உள்ளே நுழைய ஒரு ஆள் கெடைச்சுதே" என்றார் கஸ்தூரிரங்கன்.

டோரீன் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தாள். "கேர்ஃபுல், ரங்கன்! கடைசியில பாருங்க, ரிப்போர்ட்ல ஹீரோ அர்ஜுனனாத்தான் இருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள், சொர்ணமும் சிரித்தாள். டோரீன் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத பெண்; காபி ஆறுவதற்குள் அவள் சொன்னதையே மறந்திருப்பாள். சொர்ணத்தால் மறக்க முடியவில்லை. செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி அது நடக்கும்போதெல்லாம் உறுத்தியது.

ஆலைக்கு வந்திருந்த எந்திரங்கள் இத்தாலியிலிருந்து வந்தவை. ஒப்பந்தப்படி முதலில் எந்திரம், பிறகு பயிற்சி, ஐந்தாவது வருஷம் கம்ப்ரஸரின் முக்கியமான பாகத்துக்கு உண்டான டிராயிங்குகள். டிராயிங் கைக்கு வந்துவிட்டால் இத்தாலிக்காரர்கள் போனாலும் ஆலை தன் காலில் நிற்கலாம். அதுவரைக்கும் எந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு முத்திரை. வருஷத்துக்கு ஒருமுறை அங்கிருந்து ஒரு எஞ்சினியர் வருவான். சுற்றிலும் தடுப்பு வைத்து எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பான்.

"கோயில்ல திரை போட்டுட்டு உள்ள இன்னாமோ பண்ணுவாங்களே, அந்த மாதிரிதான்" என்று அர்ஜுனன் சொன்னான். "எங்களுக்கு தீபாராதனை மட்டும்தான். பிரசாதம் அவனே எடுத்துக்கினு பூடுவான்."

சொர்ணம் இதை ஆபீசில் சொன்னபோது கஸ்தூரிரங்கன் மேசையைத் தட்டிச் சிரித்தார். டோரீன் அதை ஆங்கிலத்தில் எழுதப் பார்த்து, சரிப்படாமல் விட்டுவிட்டாள்.

தொண்ணூற்றெட்டில் இத்தாலிக்காரர்கள் போனார்கள். டிராயிங் வரவில்லை. உதிரி பாகங்களும் நின்றன. நிர்வாகம் ஆலையை மூட அனுமதி கேட்டு அரசாங்கத்துக்கு எழுதியது. அதில் சொல்லியிருந்த காரணங்களில் முதல் காரணம், தொழிலாளர்களால் புதிய தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ள முடியவில்லை என்பது. தொழிலாளர் துறை இரு தரப்பையும் விசாரித்து முடிவு சொல்வதாக நாள் குறித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அர்ஜுனன் தூக்கோடு வந்தான். 'பேஷண்ட்' என்று கூப்பிடவில்லை. உட்கார்ந்து, தூக்கின் மூடியைத் திறந்து மூடினான்.

"சொர்ணா, எங்க பேக்டரியப் பத்தி நீங்க எழுதினது முடிஞ்சுதா?"

"முடியற மாதிரிதான் இருக்கு. ஏண்ணா?"

"டிராயிங் குடுக்கவே இல்லன்னு அதுல போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. நாலாவது அத்தியாயம் முழுக்க அதுதான்."

"அது போதும். மொத்தம் கூட வேணாம், அத மட்டும் குடுத்தாப் போதும்." அவன் முன்னால் நகர்ந்தான். "கோவிந்தப்பா கேக்கறாரு. எங்க யூனியன் செக்ரட்டரி. நாங்க போய் நின்னுக்கினு, 'நாங்க கத்துக்கினோம், அவன்தான் குடுக்கல'ன்னு சொன்னா, 'நீங்க அப்படித்தாம்பா சொல்லுவீங்க'ம்பாங்க. படிச்சவங்க மூணு பேரு, இத்தன வருஷம் உள்ள வந்து பாத்தவங்க, எழுதி வெச்சிருக்கீங்க. அத தூக்கி மேஜை மேல வெச்சா பேச்சே வேற."

"எல்லாரும் ஒத்துக்காம ஒரு பக்கமும் வெளிய போகாதுண்ணா. அது எங்க ரூல்."

"எனக்குத் தெரியாதா உன் ரூலு? கேட்டுத்தான் பாரேன். கேக்கறதுல இன்னா கொறஞ்சுடப்போவுது?"

"சரி. வியாழக்கிழமை கேக்கறேன்."

அவன் முகம் தெளிந்தது. எழுந்து அவளுடைய தட்டை அவனே எடுத்து வைத்தான். "சாப்பிடு. பாஞ்சாலி இன்னிக்கு உப்பு சரியாப் போட்டிருக்குது, அதிசயம்."

வியாழக்கிழமை சொர்ணம் சீக்கிரமே போய்விட்டாள். கேட்க வேண்டியதை மனதுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். முதலில் அத்தியாயத்தைப் பார்த்துவிடுவோம், கடைசியில் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மேசைமேல் நாலாவது அத்தியாயம் கிடந்தது. எட்டு மாதமாக எஞ்சினியரும் பொருளாதாரமும் அதன் மீது மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று பச்சைக் கோடுகள் ஒன்றும் இல்லை. சிவப்புக் கோடுகளையும் டோரீன் ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஓகே. ஆச்சரியமா இருக்கு, ஆனா ஓகே" என்றாள்.

கஸ்தூரிரங்கன் தாள்களைச் சொர்ணத்தின் பக்கம் நகர்த்தினார். "உனக்கும் சரின்னா இது முடிஞ்சுது சொர்ணம்."

அவள் படித்தாள். கடைசிப் பக்கத்தில் அந்த வாக்கியம் இருந்தது: 'ஆலையின் தொழிலாளர்கள் தங்களுக்குத் தரப்பட்ட தொழில்நுட்பத்தை முழுமையாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள்; தரப்படாததையே அவர்கள் அறியவில்லை.' அண்ணன் கேட்ட வாக்கியம் அதுதான்.

அதில் ஒரு குறை இருந்தது. ஆலையில் செப்புக் கம்பியைக் 'காயில்' என்ற சுருளாகச் சுற்றும் பிரிவில் வேலை செய்தவர்கள் எல்லோரும் பெண்கள், பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள். அவர்களுக்கு எந்தப் பயிற்சியும் தரப்படவில்லை என்று சொர்ணத்துக்குத் தெரியும். அப்படியானால் 'தொழிலாளர்கள்' என்று மொத்தமாக எழுதியது சரியா? அந்தப் பெண்களை யாரும் சரியாகப் போய்க் கேட்கவும் இல்லை. இதைத்தான் அவள் முதலில் நினைத்தாளா, அல்லது டோரீனின் பழைய சிரிப்பு முதலில் காதில் விழுந்ததா என்பதைப் பின்னால் எத்தனையோ முறை பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறாள். பிரிக்க வரவில்லை. அண்ணனுக்குத் தேவைப்பட்ட வாக்கியத்தை, தேவைப்பட்ட வாரத்தில், கோடு போடாமல் விட்டாள் என்று நாளைக்கு யாராவது சொன்னால்? யாரும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் கை பைக்குள் போய்ப் பென்சிலை எடுத்தது.

அவள் கோடு போட்டாள்.

காரணத்தைச் சொன்னதும் டோரீன் பெருமூச்சு விட்டாள். "சொர்ணம், ஒரு அடிக்குறிப்பு போட்டா பத்தாதா?"

"பத்தாது மேடம். அடிக்குறிப்புல போட வேண்டிய ஆளுங்க இல்ல அவங்க."

கஸ்தூரிரங்கன் கண்ணை மூடினார். ஐந்து விநாடி. "அவ சொல்றது சரி. அந்தப் பெண்களைப் போய்ப் பார்த்துட்டு வா. எவ்வளவு நாளானாலும் ஆகட்டும்." பிறகு டோரீன் பக்கம் திரும்பினார். "பாத்தியா? சொந்த அண்ணன் வேலை செய்யற எடம். அப்பவும் விட்டுக் குடுக்கல. இவளை மாதிரி இன்னும் ரெண்டு பேர் இருந்தா போதும் நமக்கு."

டோரீன் எழுந்து வந்து அவள் தோளைத் தட்டினாள். "சபாஷ். அன்னிக்கு நான் சும்மா சொன்னேன்மா, நீ அதையெல்லாம் மனசுல வெச்சிருந்தியா?"

"இல்ல மேடம்" என்றாள் சொர்ணம்.

அதற்குப் பிறகு எப்படிக் கேட்பது? 'விட்டுக் குடுக்கல' என்று சொன்ன வாய் மூடுவதற்குள், 'அண்ணனுக்கு ஒரு நகல் வேண்டும்' என்று சொல்வதா? சட்டம் எல்லோருக்கும் பொதுதானே, கேட்டாலும் கிடைக்கவா போகிறது என்று அவளே அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டாள். அந்தப் பாராட்டை ஒரு சொட்டுத் தண்ணீரும் சிந்தாமல் குடத்தைச் சுமப்பதுபோல் வீட்டுக்குச் சுமந்து வந்தாள்.

மறுநாள் அர்ஜுனன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆபீசுக்குப் போன் செய்தான். பின்னால் லாரி சத்தம்.

"சொர்ணா, கேட்டியா?"

"ம். கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"ஒத்துக்கலண்ணா."

லாரிச் சத்தம் தேய்ந்தது. பிறகு, "சரி வுடு. பெரிய மனுஷங்க, அவங்களுக்கு அவங்க ரூலு. நீ இத மனசுல வெச்சுக்கினு வேலைய கெடுத்துக்காத. இன்னா?" என்றான்.

"ம்."

"சாப்பிட்டியா?"

விசாரணை நடந்த அன்று அவள் ஆலைக்குப் பக்கத்து லக்கெரெயில், காயில் சுற்றும் ஒரு பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். பயிற்சி கொடுத்தார்களா, யார் சொல்லிக்கொடுத்தது, தப்பாகச் சுற்றினால் என்ன ஆகும். அந்தப் பெண் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள். நடுவில் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்குத்தானேக்கா அங்க விசாரணை? எங்க வூட்டுக்காரர்கூட லாரியில ஏறிப் போயிருக்காரு. நீங்க போவலியா?"

"எனக்கு இங்க வேலை இருக்கே" என்று சொர்ணம் சொன்னாள்.

"நாளைக்கு பேக்டரியே இல்லன்னா இதெல்லாம் எழுதி இன்னாக்கா பண்ணுவீங்க?"

கேள்வியில் கிண்டல் இல்லை. அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

யூனியன் சொன்னதற்கு ஆதாரமாக மேசைமேல் வைக்க ஒன்றும் இல்லை. மூட அனுமதி கிடைத்தது. அந்த அத்தியாயம் போயிருந்தால் ஆலை தப்பியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. இத்தாலிக்காரர்கள் போனது போனதுதான். டிராயிங் வராதது வராததுதான். தப்பியிருக்காது என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால் சொர்ணம் நிம்மதியாக இருந்திருப்பாள். தப்பியிருக்கும் என்று தெரிந்திருந்தால் ஒரேயடியாக அழுது தீர்த்திருப்பாள். இரண்டுக்கும் வழியில்லாமல் போயிற்று.

அர்ஜுனன் முதலில் ஒரு வெல்டிங் கடையில் நின்றான். கண் எரிகிறது என்று விட்டான். அப்புறம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி வண்டியில் டிரைவரானான். முடி நரைத்த பிறகு புதுச் சீருடை. "டாக்டரம்மா, இப்ப நானும் ஐ.டி.தான் தெரியுமா? ஏசி வண்டி, கழுத்துல பட்டை, உள்ள போட்டோ. ஒண்ணே ஒண்ணு, கேட்டுக்கு அந்தாண்ட விட மாட்டான்." பொம்மனஹள்ளி நெரிசலில் மணிக்கணக்காக நின்ற கதைகளை நடித்துக் காட்டுவான். பாஞ்சாலி சிரித்துக்கொண்டே, அவன் முதுகில் தைலம் தேய்ப்பாள்.

புத்தகம் இரண்டாயிரத்தில் வெளிவந்தது. காயில் சுற்றும் பெண்களைப் பற்றிய பகுதியைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். அதைப் பற்றிப் பேச சொர்ணத்தைக் கல்கத்தாவுக்கும் பூனாவுக்கும் கூப்பிட்டார்கள். மேடையில் அவள் நன்றாகவே பேசினாள். பேசி முடித்து இறங்கும்போது மட்டும் லக்கெரெப் பெண் அரிசியிலிருந்து நிமிர்ந்து பார்ப்பது போலிருக்கும்.

ஒரு பிரதியை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் புரட்டினான்.

"நான் இதுல எங்க இருக்கேன்?"

"பேர் போட மாட்டோம்ணா. வழக்கம் கிடையாது."

"நல்லதாப் போச்சு. வேலை போனவன் பேரு எதுக்கு. அந்த டிராயிங் சமாச்சாரம் எங்க? அதப் படி, கேப்போம்."

அவள் நாலாவது அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் கண்ணை மூடிக் கேட்டான், கஸ்தூரிரங்கனைப் போலவே. அவள் நிறுத்தியதும் கண்ணைத் திறந்தான்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. வக்கீல் பேசற மாதிரி, ஒண்ணு பின்னால ஒண்ணா." புத்தகத்தின் அட்டையைத் தடவினான். "அன்னிக்கே அந்த சாருங்க குடுத்திருக்கலாம். சரி, அவங்களுக்கு இன்னா கஷ்டமோ."

சொர்ணம் வாயைத் திறந்தாள். 'அண்ணா, நான் கேட்கவே இல்லை' என்று நாலு வார்த்தைதான். உள்ளேயிருந்து பாஞ்சாலி, "தட்டு போட்டாச்சு, ரெண்டு பேரும் வர்றீங்களா, இல்ல அந்தப் புக்கையே சாப்பிடறீங்களா?" என்று குரல் கொடுத்தாள். அர்ஜுனன் எழுந்துவிட்டான். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று சொர்ணமும் எழுந்தாள்.

அந்த அப்புறம் வரவில்லை. இரண்டாயிரத்து நாலில், மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகக் கேட்டுக்கு வெளியே வண்டியில் காத்திருந்தபோது அர்ஜுனனுக்கு நெஞ்சு வலித்தது. கண்ணாடியைத் தட்டிய பெண், டிரைவர் அசந்து தூங்குகிறார் என்று நினைத்து, எழுப்ப மனசில்லாமல் சிறிது நேரம் நின்றாளாம்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்த பிறகு, தாசரஹள்ளி வீட்டுக்குக் கஸ்தூரிரங்கனும் டோரீனும் துக்கம் கேட்க வந்தார்கள். கஸ்தூரிரங்கன் ரொம்பவும் தளர்ந்திருந்தார். படியேற டோரீன் கை கொடுத்தாள். முன்னறையில் கோவிந்தப்பா உட்கார்ந்திருந்தார். ஆலை மூடிய பிறகும் பழைய ஆட்களின் நல்லது கெட்டதுக்கு முதலில் வந்து நிற்கிறவர் அவர். சொர்ணம் அறிமுகம் செய்துவைத்துவிட்டு, காபி கொண்டுவர உள்ளே போனாள். தட்டோடு திரும்பும்போது கோவிந்தப்பா பேசிக்கொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். சாவு வீட்ல பேசற பேச்சில்ல, ஆனாலும் மனசுல இருக்குது. அன்னிக்கு உங்க ஆபீஸ்ல ஒரே ஒரு பேப்பர் கேட்டோம். எங்களுக்கு அதுதான் பெரிய பலமா இருந்திருக்கும். நம்ம சொர்ணம்மா எவ்ளோ கேட்டுதாம். நீங்க ஒத்துக்கலயாமே?"

சொர்ணம் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"எங்க ஆளுங்க சில பேரு இந்தம்மாவையே திட்டினாங்க சார். தங்கச்சி ஆபீஸ், ஒரு காகிதம் வாங்கித் தர முடியலயான்னு. அர்ஜுனன் அடிக்கவே போயிட்டான். 'என் தங்கச்சி அவங்க முன்னால அழுதுக்கினு கேட்டிருக்குது, அவங்க மனசு எறங்கல, அதுக்கு அவ இன்னா பண்ணுவா'ன்னு. அப்புறம்தான் எல்லாரும் வாய மூடினாங்க."

அழுதுகொண்டு கேட்டாளாம். அர்ஜுனன் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டது அது.

டோரீன் குழப்பத்தோடு நிமிர்ந்தாள். "எங்ககிட்டயா? எப்போ... எங்ககிட்ட யாரும்..."

கஸ்தூரிரங்கன் அவள் கையின் மேல் தன் கையை வைத்தார். அவள் நிறுத்திக்கொண்டாள். அவர் நிலைப்படியைப் பார்த்தார். ஒரு காற்புள்ளி தவறி விழுந்திருந்தாலும் பச்சைக் கோடு போட்டு வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கிறவர் அவர். சரிபார்க்காத ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து சொர்ணம் கேட்டதில்லை.

கண்ணை மூடினார். ஐந்து விநாடி ஆயிற்று.

"ஆமாம்பா. வந்து கேட்டா. நாங்கதான் ஒத்துக்கலை. ரூல், ரூல்னே இருந்துட்டோம். தப்பு எங்க மேலதான்."

"அய்யோ, வுடுங்க சார். ஆனது ஆச்சு" என்று கோவிந்தப்பா அவசரமாகச் சொன்னார். பெரியவரைச் சாவு வீட்டில் மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டோமே என்று அவருக்கே கூச்சமாகிவிட்டது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த பாஞ்சாலி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவரு கடைசி வரைக்கும் அதத்தான் சொன்னாரு. எங்க சொர்ணம் மேல ஒரு குத்தமும் இல்லன்னு."

சொர்ணம் ஒவ்வொருவருக்காகக் காபி கொடுத்தாள். 'வந்து கேட்டா' என்ற அந்த வாக்கியத்தின் ஓரத்தில் கோடு போட வேண்டியவள் அவள்தான். அவளைத் தவிர வேறு யாருக்கும் அங்கே அந்த உரிமை இல்லை. கைப்பை உள்ளறையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கார்வரை வழியனுப்பப் போனாள். டோரீன் அவளைக் கட்டிக்கொண்டாள், ஒன்றும் கேட்கவில்லை. கஸ்தூரிரங்கன் காரில் ஏறி உட்கார்ந்து, கதவை மூடாமல் அவள் பக்கம் திரும்பினார்.

"சொர்ணம், நீ கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன். ரூல் அச்சுக்குப் போற புஸ்தகத்துக்குத்தானேம்மா."

திட்டுகிற குரல் இல்லை. அவரே எங்கோ தப்புச் செய்துவிட்டது போன்ற குரல். கார் சந்து திரும்பும்வரை நின்றாள்.

திரும்பி வந்தபோது கோவிந்தப்பா வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். பழைய ஆட்கள் நாலைந்து பேர் வெளியே அவருக்காகக் காத்திருந்தார்கள். இப்போது சொன்னால் எல்லோருக்கும் ஒரே தடவையில் சொன்னதாகிவிடும்.

"கோவிந்தப்பா அண்ணா."

"ஹேளம்மா, சொல்லு" என்று அவர் நிமிர்ந்தார். பழைய ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

சொர்ணம் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லா முகத்திலும் அவளுக்காக ஒரு பரிவு இருந்தது. அது அர்ஜுனன் அவளுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது.

"இன்னொரு காபி குடிச்சிட்டுப் போங்களேன்" என்றாள்.

"வேணாம்மா, இப்பத்தானே ஆச்சு" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.